மருத்துவரிடம் மட்டும் மறைக்காதீர்கள்

தானமாகப் பெற்ற கருமுட்டை மூலம் தாயாவதை உறவினர்களிடம் சொல்வதும் சொல்லாததும் அவரவர் விருப்பம். ஆனால், வெளிநாட்டில் சிகிச்சை பெற்றுத் திரும்பும் சிலர், பிரசவம் பார்க்கும் என்னிடமும் "ஐவிஎஃப்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதுதான் கவலை.

நம் தேக்காவுக்கு அருகே, அன்றைய கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில், இலங்கையில் பிறந்த பேராசிரியர் எஸ்.எஸ்.ரத்னத்தின் குழு சிங்கப்பூரின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையை 1983ல் பிறக்கவைத்தது. 40 ஆண்டுகள் கடந்தும் நம்மவர்களின் கூச்சம் போகவில்லை.

நஞ்சுக்கொடியைத் தாயின் உறுப்பு என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது கருவிலிருந்து வளர்வது. அதன் செல்கள் கருப்பைச் சுவருக்குள் இறங்கி, அங்குள்ள சுருண்ட, குறுகலான ரத்தக்குழாய்களை அகலமாக்குகின்றன. சந்து சாலையாவது போல. நிறைமாதத்தில் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் அதிகமான ரத்தம் கருப்பைக்குப் பாய வேண்டுமே!

இந்த வேலைக்குத் தாயின் நோய் எதிர்ப்பு மண்டலம் இடங்கொடுக்க வேண்டும். வழக்கமாகக் கருவின் மரபணுவில் பாதி அம்மாவுடையது. தானக் கருமுட்டையில் அந்தப் பாதியும் வேறொருவருடையது. பெரும்பாலான தாய்மார்களின் உடல் அதையும் ஏற்றுக்கொள்கிறது. எனக்கு இன்றும் வியப்புதான். சிலருக்கு இணக்கம் சரியாக அமையாமல் குழாய்கள் போதிய அளவு விரிவதில்லை என்று கருதப்படுகிறது. விளைவு, 'பிரீஎக்ளாம்ப்சியா' எனும் கர்ப்பகால ரத்த அழுத்த நோய். பல ஆய்வுகளைத் தொகுத்து 2016ல் வெளியான கணக்குப்படி, சொந்தக் கருமுட்டையில் நடக்கும் ஐவிஎஃப்பைவிட இதில் அந்த நோய்க்கான வாய்ப்பு சுமார் இரண்டரை மடங்கு.

முன்கூட்டியே தெரிந்தால் செய்ய நிறைய இருக்கிறது. 11 முதல் 13 வாரத்துக்குள் ரத்த அழுத்தம், ரத்தப் பரிசோதனை, கருப்பை ரத்தக்குழாய்களின் ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்ப்போம். தேவைப்பட்டால் 16 வாரத்துக்குள் குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்குவோம். 37 வாரத்துக்கு முன் வரும் பிரீஎக்ளாம்ப்சியாவை அது பாதிக்கும் மேல் குறைப்பதாக 2017ல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள். டாப்ளர் நன்றாக இருந்தாலும் ரத்த அழுத்தத்தைப் பார்ப்பதை நிறுத்தக்கூடாது. கடும் தலைவலி, பார்வை மங்கல், மேல்வயிற்று வலி என்றால் உடனே வந்துவிடுங்கள். பிள்ளை பிறந்த பிறகும்கூட.

இன்னொன்று: டவுன் சிண்ட்ரோம் பரிசோதனையில் உங்கள் வயதை அல்ல, கருமுட்டை தந்தவரின் வயதையே கணக்கில் எடுக்க வேண்டும். 44 என்று எழுதினால் வீண் பயம்தான் மிஞ்சும்.

மாமியார் உடன் வந்திருந்தால், தனியாகப் பேச வேண்டும் என்று தாதியிடம் காதோடு சொல்லுங்கள். அவரை வெளியே உட்கார வைப்பது எங்கள் பொறுப்பு.