89 பேர்தானா?

மைசூரிலிருந்து கொள்ளேகால் வழியாக மாதேசுவரன் மலைக்குப் பஸ் ஏறிப் போகாத மாணவர் நம்மில் சிலரே. கோயிலைக் காண்கிறோம்; பிரசாதம் உண்டு திரும்புகிறோம். அம்மலையில் தமிழ்நாடு, கருநாடக அரசுகளின் அதிரடிப்படை ஒரு காலத்தில் முகாமிட்டிருந்தது. அங்கே ஒரு கட்டடத்துக்கு ‘ஒர்க்ஷாப்’ என்று பெயர் வழங்கியது. இயந்திரம் பழுது பார்த்த இடமன்று அது. மனித உடலில் மின்சாரம் பாய்ச்சிய இடம் என்று, உள்ளே சென்று மீண்டவர்கள் சாட்சி கூறினார்கள்.

வீரப்பனைத் தேடிய வேட்டை அது. அவன் செய்த கொலைகளை யாரும் மறைக்க வேண்டியதில்லை. 1993 ஏப்ரலில் பாலாற்றின் அருகே கண்ணிவெடியில் போலீசாரும் வனக்காவலரும் உடன் சென்றோருமாக 22 பேர் மாண்டனர். காக்கிச் சட்டைக்குள் இருந்தவனும் ஒரு தாயின் மகன்தான். ஆயின், அந்தச் சினம் யார் முதுகில் இறங்கிற்று? விறகு பொறுக்கியவன் முதுகில், ஆடு மேய்த்தவள் முதுகில், தமிழும் கன்னடமும் பேசிய ஏழைகள் முதுகில், சோளகர் முதுகில்.

‘தடா’ சட்டத்தில் பிடிபட்ட மலைநாட்டார் நம் மைசூர்ச் சிறையிலே ஆண்டுக்கணக்கில் கிடந்தனர். 2000இல் நடிகர் ராஜ்குமாரைக் கடத்திய வீரப்பன், அச்சிறையிலிருந்த 51 பேரை விடுவிக்கக் கேட்டான். உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது. மறு ஆண்டு மைசூர்த் தனி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, வழக்கில் நின்றவர்களில் பெரும்பாலோர் குற்றமற்றவர் என்று வெளியே வந்தனர். போன ஆண்டுகள் போனவைதாம்.

தேசிய மனித உரிமை ஆணையம் 1999இல் நீதிபதி சதாசிவா தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அக்குழு மக்களின் வாக்குமூலங்களைக் கேட்டுப் பதிவு செய்தது. ஆணையம் 2007இல் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் நிவாரணம் வழங்கச் சொல்லிற்று. இதற்கிடையே 2004 அக்டோபரில் வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டான். தமிழ்நாட்டு அதிரடிப்படையினர் ஒவ்வொருவருக்கும் 3 லட்சம் ரூபாயும் வீட்டு மனையும் பதவி உயர்வும் அறிவிக்கப்பட்டன. பரிசு உடனே வந்தது. நிவாரணத்துக்கான உத்தரவுக்கே அதன்பின் இரண்டு ஆண்டுக்கு மேல் ஆயிற்று!

இந்த 89 என்ற எண்ணைத்தான் நான் கேட்கிறேன். அடிபட்டோர் 89 பேர்தானா? அல்லவே அல்ல. அடிபட்டு, உயிரோடிருந்து, காயம் ஆறிப் பல ஆண்டு கழிந்தும் நினைவு ஆறாமல், பஸ் கட்டணம் தேடிக்கொண்டு வந்து, அதிகாரிகள் முன் வாய் திறந்து, நம்பவும் பட்டவர்களின் தொகை அது. கணவனிடமே சொல்லாத பெண்கள் அந்தக் கணக்கில் எப்படி வருவர்?

போலீஸ் வன்முறையை அளப்பதில் உள்ள சங்கடமே இதுதான். அளவுகோல் போலீசின் கையிலேயே இருக்கிறது. காவலில் ஒருவர் இறந்தால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று ஆணையம் 1993இல் கட்டளையிட்டது. நல்ல கட்டளைதான், ஆனால் சாகாமல் நொண்டி நொண்டி வீடு திரும்பியவனை அது எண்ணுவதில்லை. கேமரா வைத்தால் போதும் என்பார் உளர். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் அடியால் மாண்டபோது, அந்த நிலையத்தில் கேமரா இல்லாமலா போயிற்று? பதிவு நாள்தோறும் தானே அழியும்படி அமைக்கப்பட்டிருந்தது என்று விசாரிக்கச் சென்ற மாஜிஸ்திரேட் கண்டார்.

மக்கள் கருத்தைக் கேட்கலாமே என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். கருத்து என்பது வேறு, நடந்தது வேறு. 2019 டிசம்பரில் ஐதராபாத் அருகே நால்வரைப் போலீசார் சுட்டுக் கொன்றபோது மக்கள் அவர்கள் மீது பூத்தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம், கொல்லும் நோக்கத்தோடே சுட்டனர் என்று 2022இல் சொல்லிற்று. பூ சாட்சியாகுமா? அதே 2019இல் ‘காமன் காஸ்’ அமைப்பும் லோக்நீதியும் ஏறத்தாழ 12,000 காவலரைக் கேட்டதில், குற்றவாளிகளை அடிப்பது தகும் என்றோர் நால்வரில் மூவர். அவர்களை மட்டும் நான் வைய மாட்டேன். சினிமாவில் இன்ஸ்பெக்டர் அறைந்தால் கொட்டகையில் சீட்டியடிப்பது யார்? நாமும்தான். (சென்ற மாதம் நானும் அடித்தேன்.)

ஆகையால், “போலீசார் அத்துமீறுகிறார்களா?” என்று கேட்டுப் பயனில்லை. யாருக்கும் அத்துமீறலின் எல்லை ஒன்றாக இராது. “உங்களை எந்த நாளில் அழைத்துப் போனார்கள்? எத்தனை நாள் வைத்திருந்தார்கள்? மாஜிஸ்திரேட் முன் நிறுத்தினார்களா? கை வைத்தது யார், எதனால்? மருத்துவர் பார்த்தாரா? வெளியே வரப் பணம் கொடுத்தீர்களா?” என்று வீடு வீடாகக் கேட்க வேண்டும். அடிபட்டவனே தனக்கு நேர்ந்ததை ‘சும்மா இரண்டு தட்டு’ என்று சொல்லிவிட்டுப் போவான். தேதியும் நாளும் கேட்டால் உண்மை வெளிவரும்.

மானசகங்கோத்ரியில் புள்ளியியல் பயில்வோர் இருக்கின்றனர்; சமூகவியல் பயில்வோர் இருக்கின்றனர். தமிழும் கன்னடமும் ஒருங்கே பேச வல்ல நம்மைப் போன்றவர்கள் வேறெங்கே கிடைப்பர்? நம் தமிழ் மாணவர் சங்கம் ஆண்டுதோறும் சுற்றுலாவுக்குச் செலவிடும் பணத்தில் பாதி போதும். கன்னட நண்பர்களையும் அழைத்துக்கொண்டு கொள்ளேகால் பக்கம் நான்கு ஊர்களுக்குப் போவோம். பெண்களிடம் பெண்களே பேசட்டும். பேர் எழுத வேண்டாம். ஊரின் பெயரைக்கூட வெளியிட வேண்டாம். வினாத்தாளை நான் இரு மொழியிலும் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த செயற்குழுவில் அதைப் படிக்கப் பத்து நிமிடம் தாருங்கள்.