வெற்று டிஸ்க் என்ன பாவம் செய்தது?

பழைய கல்யாண கேசட்டை டிவிடியில் போட்டு வாங்கி வந்த வீடுகளில் ஒரே பேச்சுதான். படம் மங்கல், முகமெல்லாம் கட்டம் கட்டமாக உடைகிறது. தீர்ப்பும் உடனே வந்துவிடும்: "மட்டமான டிஸ்க்ல போட்டுட்டான். நல்ல கம்பெனி டிஸ்க் வாங்கி, ஸ்பீடைக் குறைச்சு ரைட் பண்ணினா பளிச்சுனு வரும்." வீடியோ எடுப்பவர்களே பலர் இதைத்தான் சொல்கிறார்கள். இதில் ஒரு பங்கு கேசட் காலத்து உண்மை. மற்றதெல்லாம் வெறும் நம்பிக்கை.

கேசட்டில் படம் அலையாகப் பதிந்தது. நாடா மட்டமென்றால் படத்தில் புள்ளிகள் மொய்க்கும். காப்பிக்குக் காப்பி நிறம் வழியும். டிவிடியில் பதிவது எண்கள். ஓர் எண்ணைப் பிளேயர் சரியாகப் படிக்கும் அல்லது படிக்காது. கொஞ்சம் மங்கலான எண் என்று ஒன்று கிடையாது. சின்னப் பிழைகளைத் திருத்திக்கொள்ள வேண்டிய உபரி எண்களும் டிஸ்க்கிலேயே உண்டு. திருத்த முடியாத அளவுக்குப் போனால் படம் உறையும், தாவும், ஒரு குறிப்பிட்ட இடத்தில் கட்டங்கள் சிதறும், அல்லது பிளேயர் டிஸ்க்கே இல்லை என்று கைவிரிக்கும். மட்டமான டிஸ்க்கின் லட்சணம் அதுதான். முகூர்த்தம் முதல் பந்தி வரை ஒரே சீராக மங்கல் என்றால் டிஸ்க் நிரபராதி. நல்ல டிஸ்க் அதிக நாள் உழைக்கும், அவ்வளவே.

சந்தேகம் தீரக் காசில்லாத சோதனை ஒன்று உண்டு. ரைட் பண்ணுவதற்கு முன் மென்பொருள் ஹார்டு டிஸ்க்கில் உருவாக்கும் வீடியோ டிஎஸ் ஃபோல்டரை விஎல்சியில் முழுத்திரையில் ஓட்டிப் பாருங்கள். அங்கேயே முகம் உடைந்தால் எந்த டிஸ்க்கை வாங்கியும் பயனில்லை.

வேகத்துக்கும் இதே பதில்தான். 4 எக்ஸில் எழுதினாலும் 16 எக்ஸில் எழுதினாலும் எழுதப்படுவது அதே எண்கள். அதிவேகத்தில் பிழை கூடினால் 8 எக்ஸுக்கு இறக்கலாம். தாவல் குறையும், மங்கல் தீராது.

அப்படியானால் மங்கல் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் நேரக் கணக்கிலிருந்து. சாதாரண டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி, அதாவது சுமார் 3,760 கோடி பிட். 2 மணி நேரப் படத்துக்குப் பங்கிட்டால் நொடிக்கு 52 லட்சம் பிட் கிடைக்கும், அது போதும். ஆனால் நிச்சயதார்த்தம், நலங்கு, முகூர்த்தம், வரவேற்பு என 4 மணி நேரத்தையும் ஒரே டிஸ்க்கில் கேட்கிறோம். நொடிக்கு 26 லட்சம்தான் மிஞ்சும். அதிலும் ஒலியைச் சுருக்காமல் பிசிஎம்மாக விட்டுவைத்தால் அதுவே 15 லட்சத்தை விழுங்கிவிடும். படத்துக்குக் கிடைப்பது 11 லட்சத்துக்கும் குறைவு. பழைய விசிடி கூடப் படத்துக்கு 11.5 லட்சம் ஒதுக்கியது. அந்தப் படமோ பரப்பளவில் டிவிடி படத்தில் கால்வாசி! ஒரு படி அரிசியில் ஊர்ப்பந்தி போடுகிற கதை.

இதில் மோசம், மென்பொருள் இதைச் சொல்வதே இல்லை. 'டிஸ்க்கில் அடங்கச் செய்' என்ற ஒரு டிக்கில் எல்லாவற்றையும் சத்தமில்லாமல் நசுக்கிவிடும். அடி எங்கே விழும் என்பதும் நிச்சயம். மாப்பிள்ளை சும்மா உட்கார்ந்திருக்கும்போது படம் நன்றாகவே இருக்கும். கெட்டிமேளம் கொட்டி, அட்சதை பறந்து, ஹோமப் புகை எழும்பும் அந்த நொடியில்தான் எல்லாம் ஒரே நேரத்தில் அசையும்; பிட் பற்றாமல் தாலியும் முகமும் சதுரங்களாக உடையும். ஒலியை 192 கேபிபிஎஸ் ஏசி3 ஆக மாற்றி, இரண்டு சுற்று என்கோடிங் வைத்து, 2 டிஸ்க்காகப் பிரித்தால் பாதி நோய் தீர்ந்தது. ஒரே டிஸ்க்தான் வேண்டுமென்று பிடிவாதமா? விஎச்எஸ் கேசட்டுக்கு 720-க்குப் பதில் 352x576 என்ற அளவைத் தேர்ந்தெடுங்கள். டிவிடி தரம் அதை அனுமதிக்கிறது. குறுக்குவாட்டில் அதைவிட நுணுக்கம் அந்த நாடாவில் இருந்ததே இல்லை.

"கேசட்டே பழசு, இவ்வளவுதான் வரும்" என்பது அடுத்த சமாதானம். பூஞ்சை பிடித்த நாடாவுக்கு அது பொருந்தும். ஆனால் டெக்கின் ஹெட்டைத் துடைக்காமல், டிராக்கிங்கைச் சரிசெய்யாமல் ஓட்டிவிட்டு நாடாவைக் குறை சொல்வது என்ன நியாயம்? மினி டிவி (MiniDV) கேசட்டில் நடப்பது இன்னும் கொடுமை. அதில் பதிவானதே எண்கள்தான். ஃபயர்வயர் கேபிளில் எடுத்தால் மணிக்கு சுமார் 13 ஜிபியாக அச்சுப் பிசகாமல் கணினிக்கு வந்துவிடும். அதை மஞ்சள் வயரில் எடுத்து, அலையாக்கி, மறுபடி எண்ணாக்கி, நுணுக்கத்தைத் தெருவில் கொட்டுகிறார்கள். நிற்பவர்கள் தெளிவாகவும் நடப்பவர்கள் முன்னும் பின்னும் உதறிக்கொண்டும் தெரிந்தால் அது வேறு கோளாறு: ஃபீல்டு வரிசை, அதாவது படத்தின் ஒற்றை, இரட்டை வரிகள் வரும் வரிசை, தலைகீழ் என்று பொருள். மினி டிவியில் கீழ் ஃபீல்டுதான் முதலில் வரும். மென்பொருளில் மேல் ஃபீல்டு என்றிருந்தால் மாற்றிவிட்டால் போதும்.

கடைசியாக, "எச்டியில் எடுத்ததை டிவிடியில் போட்டால் எச்டியாகவே தெரியும்" என்ற ஆசை. ஃபோனில் 1920x1080-ல் எடுத்த படத்தில் 20 லட்சத்துக்கு மேல் புள்ளிகள். டிவிடிக்குள் 720x576-ல் நுழைவது சுமார் 4 லட்சம். ஐந்தில் நான்கு பங்கு வாசலிலேயே போயிற்று. அந்தப் படம் வாட்ஸாப்பில் வீடியோவாக வந்ததென்றால் ஏற்கெனவே ஒருமுறை நசுங்கியது வேறு. அசல் கோப்பை மாற்றாமல் அப்படியே பென் டிரைவில் போட்டு டிவியில் சொருகுங்கள். டிவிடி பிளேயர் மட்டுமே வைத்திருக்கும் பெரியப்பாவுக்கு வேண்டுமானால் தனியாக ஒரு டிஸ்க் எழுதிக் கொடுக்கலாம்.