யாரால்?

ஆங்கிலம் கற்பித்தல் பற்றிப் பேசத் தொடங்கினாலே நாம் இரு அணிகளாகப் பிரிந்துவிடுகிறோம். அது பிழைப்புக்கு வழி என்போர் ஒருபுறம்; தமிழை விழுங்கிவிடும் என்போர் மறுபுறம். வகுப்பறைக்குள் அந்த மொழியை எப்படிச் சொல்லித்தருகிறோம் என்பதை இரு அணியினரும் கேட்பதில்லை.

செய்வினை, செயப்பாட்டுவினைப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். ராமன் ராவணனைக் கொன்றான். ராவணன் ராமனால் கொல்லப்பட்டான். இப்படிப் பத்து வாக்கியங்களை மாற்றிப் போட்டால் மதிப்பெண் உறுதி. 'ராமனால்' என்பதை நீக்கினாலும் வாக்கியம் இலக்கணப்படி நிற்கும். அதை ஏன், எப்போது நீக்குகிறார்கள் என்பது மட்டும் பாடத்தில் இல்லை.

பெரம்பலூர், அரியலூர் மாணவர்களுக்கு எடுத்துக்காட்டு தொலைவில் இல்லை. 1990களில் ஜெயங்கொண்டம் பகுதியில், பழுப்பு நிலக்கரி மின்திட்டத்திற்காக உழவர் நிலம் கையகப்படுத்தப்பட்டது. ஆங்கிலத்தில் 'லேண்ட் வாஸ் அக்வயர்டு', பிழையில்லாத வாக்கியம். யார் எடுத்தார்கள், என்ன விலைக்கு என்பது அதில் இல்லை. நாம் எழுதிய தமிழ் வாக்கியத்திலும் இல்லை. மின்நிலையம் எழவேயில்லை, வழக்குகளோடு ஒரு தலைமுறை கழிந்தது.

2017இல் குழுமூர் அனிதா பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 பெற்றும் மருத்துவ இடம் கிட்டாமல், செப்டம்பர் 1 அன்று இறந்தார். 'இடம் மறுக்கப்பட்டது' என்று எழுதினோம். மறுத்தது சட்டமா, நீதிமன்றமா, நீட் தேர்வா, தனிப்பயிற்சிக்கு வழியில்லாத வறுமையா? ஒரே விடையில் அடங்காது என உணர்வதுதான் சிந்தனைப் பயிற்சி.

ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் எழுதிய கட்டுரையில், செய்வினை பொருந்தும் இடத்தில் செயப்பாட்டுவினை வேண்டாம் என்றார். நாம் அவ்வளவு கண்டிப்பாக இருக்க வேண்டியதில்லை. செய்தவர் தெரியாதபோதும் செயலே முதன்மையாகும்போதும் அது தேவைதான். தெரிந்தும் மறைப்பதை அடையாளம் காணத் தெரிய வேண்டும், அவ்வளவே.

வகுப்பறைக்குள் அரசியலா என்று சிலர் கேட்கக்கூடும். ஆசிரியர் தம் விடையைத் திணிக்க வேண்டாம், 'யாரால்?' என்ற வினாவைப் பழக்கினால் போதும். அது இலக்கண வினாவே.

நாளை ஆங்கிலத்தில் ஒரு நோட்டீஸ் வீட்டு வாசலுக்கு வந்தால், குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்த பெண்தான் அதை அப்பாவுக்குப் படித்துச் சொல்ல வேண்டியிருக்கும். எழுத்துக்கூட்டத் தெரிந்தால் மட்டும் அவளுக்குப் போதாது.