குளத்தோரம் உயர்ந்த செடி

கொல்லையில் சின்னக் குளம் வெட்டி மீன் விட்டிருக்கும் வாசகர்களே, கரையில் உயர்ந்த செடி நடுமுன் என் அனுபவத்தைக் கேளுங்கள்.

தோட்டத்துக் கானிலிருந்து இரண்டு சம்பங்கோரைக் கிழங்கைக் கொண்டுவந்து நேராகச் சேற்றில் நட்டேன். ஒன்றரை ஆண்டில் பாதிக் குளத்தை அடைத்து ஆளுயரம் நின்றது. ஒரு மாலை பக்கத்து வீட்டுக் குழந்தையைக் காணோம். லயமே தேடியது. கடைசியில், கோரைக்குப் பின்னால் நீர் விளிம்பில் குந்தி மீன் பார்த்துக்கொண்டிருந்தது! குசினி வாசலிலிருந்து தெரியவேயில்லை.

சம்பங்கோரையின் கிழங்கு மண்ணுக்குள் ஓடும். விதை பஞ்சாய்ப் பறக்கும். ஆசையிருந்தால், ஓட்டையில்லாத பேசினில் நட்டு, சாயாதபடி கல் வைத்துக் குளத்தில் இறக்குங்கள். கதிர் வெடிக்குமுன் நறுக்கிவிடுங்கள். ஒழிக்க வேண்டுமானால், காய்ந்த தண்டையும் சேர்த்து நீர்மட்டத்துக்குக் கீழே வெட்டுங்கள். காற்றுக் கிடைக்காமல் கிழங்கு அழுகும்.

கல்வாழையும், குடைபோல் விரியும் கோரையும் அடக்கமானவை. நான்கு அங்குல நீர் போதும். தூர் பெருத்தால் பிரித்து நடலாம்.

எதுவானாலும் வேலியை ஒட்டிய கரையில் மட்டும் நடுங்கள். மற்றப் பக்கம் திறந்திருக்கட்டும். செடி அடர்ந்து மீன் நுழைய முடியாத இடத்தில் கொசுப்புழு பெருகும். மலேசியாவில் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்குத் தண்டமும் உண்டு.

குளத்தின்மேல் கம்பிவலையும் போடுங்கள். செடி கண்ணுக்கு அழகு. குழந்தையோ நம் கண்ணே அல்லவா?