ஒரு தோல்வியோடு ஆண்டு முடியக் கூடாது: சிறு பள்ளி, கல்லூரிகளின் கூடைப்பந்து லீக் குறித்து எங்கள் நிலைப்பாடு

கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, ஊத்துக்கோட்டை வட்டங்களின் மிஷன் பள்ளிகளும் சிறு கல்லூரிகளும், இருளர் பழங்குடிப் பிள்ளைகள் படிக்கும் அரசுப் பள்ளிகளும் சேர்ந்து ஒரு கூடைப்பந்து லீக் நடத்தலாமா என்று கேட்கிறார்கள். நடத்த வேண்டும் என்பதே உடற்கல்வி ஆசிரியர்களும் பழைய ஆட்டக்காரர்களும் சேர்ந்த எங்கள் அமைப்பின் முடிவு. எப்படி நடத்துவது என்பதில் எங்களுக்குச் சில பிடிவாதங்களும் உண்டு.

இப்போது இருப்பது நாக்-அவுட். விடியற்காலை மின்சார ரயில் பிடித்துச் சென்னைக்குப் போகிற அணி, நாற்பது நிமிடத்தில் ஒரு பெரிய பள்ளியிடம் தோற்று, பொட்டலச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறது. அந்த ஆண்டின் ஆட்டம் அத்தோடு சரி. தோற்ற பிறகுதான் எதைத் திருத்துவது என்று பிள்ளைக்குப் புரியும். திருத்திக் காட்ட அடுத்த ஆட்டம் இல்லை. ஆறு அணிகள் உள்ளூரில் ஒருமுறை, வெளியூரில் ஒருமுறை மோதினால் ஒவ்வோர் அணிக்கும் பத்து ஆட்டம் கிடைக்கும்.

மிஷன் பள்ளிகளை முன்னே நிறுத்துவது ஏன், மதம் பரப்பவா என்று சிலர் சந்தேகப்படுகிறார்கள். 1891-இல் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் உருவாக்கிய ஆட்டம் இது. அங்கே படித்த ஹாரி குரோ பக் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். பழைய மிஷன் பள்ளிகளில் ரிங் நிற்கிறது; கோர்ட் இருப்பவரிடம்தானே முதலில் கேட்க முடியும்?

ஆனாலும் அந்தச் சந்தேகத்தை நாங்கள் தள்ளிவிடவில்லை. நெய்ஸ்மித் 1898-இல் கன்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் நகருக்குக் குடிபோனார். அதே ஊரில் 1884-இல் தொடங்கிய ஹாஸ்கெல், அமெரிக்கப் பழங்குடிப் பிள்ளைகளைத் தம் மொழியையும் வழக்கத்தையும் விடச் செய்வதற்கான விடுதிப் பள்ளியாக இருந்தது. இன்று அது பழங்குடியினரின் பல்கலைக்கழகம். சிறு கல்லூரிகளின் கான்டினென்டல் அத்லெட்டிக் கான்ஃபரன்ஸில் ஆடுகிறது. 2025 பிப்ரவரியில் அரசு ஆட்குறைப்பில் வேலை போன அதன் பெண்கள் அணிப் பயிற்சியாளர், சம்பளமில்லாமலே தொடர்ந்து பயிற்சி கொடுத்தார். இந்தக் கதையின் இரண்டு பாதியையும் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எந்த மதத்துப் பிரசங்கமும் கூடாது. விடுதியில் சேர்ந்தால்தான் அணியில் இடம் என்ற நிபந்தனையும் கூடாது.

காலம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். பொங்கலுக்குப் பிறகு செங்கல் சூளை வேலை சூடுபிடிக்கும். சூளைக்குப் போகும் குடும்பத்தோடு பிள்ளையும் போய்விடும். வருகைப் பதிவேட்டில் பெயர் மட்டும் இருக்கும். ஜனவரியில் போட்டி வைத்துவிட்டு 'இருளர் பசங்களுக்கு ஆர்வமில்லை' என்பவர்கள் பஞ்சாங்கத்தையாவது பார்க்கட்டும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்தால் திறந்தவெளி கோர்ட்டில் தண்ணீர் நிற்கும். மிஞ்சுவது ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர். சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தொடங்கினால் வெயில் ஏறுமுன் முடிக்கலாம். பெண் பிள்ளைகளும் இருட்டுமுன் வீடு சேரலாம்.

நுழைவுப் படிவத்தோடு சாதிச் சான்றிதழ் கேட்கக் கூடாது. பழங்குடிச் சான்றிதழை வட்டாட்சியர் தருவதில்லை. கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர்தான் தர வேண்டும். அதற்காக அலைந்து கூலியை இழந்த பெற்றோரை நாங்கள் அறிவோம். தலைமையாசிரியர் கையெழுத்திட்ட படிப்புச் சான்று போதும். 'பழங்குடி அணி' என்று தனியாக ஓர் அணியும் வேண்டாம். பள்ளியின் பெயரில்தான் ஆட வேண்டும்.

பணம் சிப்காட் தொழிற்பேட்டையில் இருக்கிறது. 2013 நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆம் பிரிவின்கீழ் வரும் கம்பெனிகள், மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கிராமப்புற விளையாட்டுப் பயிற்சியும் அதில் அடக்கம். எங்களுக்குக் கோப்பை வேண்டாம், வெள்ளிமுலாம் பூசியது ஏற்கெனவே அலமாரி நிறைய இருக்கிறது. வேன் வாடகை, ஷூ, சிமென்ட் தளம் கொடுங்கள். சிமென்ட் தரையில் வெறுங்காலோடு திரும்பி ஓடும் பிள்ளையின் பாதத்தைப் பார்த்தவர்கள் ஷூவை முதலில் எழுதுவார்கள்.

வரும் ஜூலையில் ஆறு அணிகளோடு தொடங்கலாம். ஐந்து பேர் சேராத பள்ளிக்கு மூவர் ஆட்டம் இருக்கிறது: அரை கோர்ட், ஒரே ரிங், மாற்று ஆளையும் சேர்த்து நான்கு பிள்ளைகள்.