களத்து வீரனின் மேற்சட்டை

ஆள் பாதி, ஆடை பாதி என்பது நம்மவர் பழமொழி. திருமண வீட்டிற்கும் திருவிழாவிற்கும் செல்வோர்க்கு அம்மொழி ஒரு பொருளிலே பொருந்தும். மண்மேட்டிலும் சேற்றுப் பள்ளத்திலும் மோட்டார் சைக்கிளோட்டும் இளைஞனுக்கோ அது வேறொரு பொருளிலே பொருந்துவதாகும். அவனுக்கு ஆடை வெறும் அலங்காரமன்று. அது ஒரு கருவி. கருவியைத் தெரிபவன் அதன் இயல்பை அறிந்தே தெரிதல் வேண்டும்.

தார் வீதியை விட்டு மண் தரையிலே நிகழும் இப்போட்டி நேற்றுத் தோன்றியதன்று. 1924ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே, இங்கிலாந்தின் கம்பர்லி என்னும் ஊரையடுத்த வெளியில் நடைபெற்ற ஓட்டத்தையே இதன் தொடக்கமாகக் கூறுவர். மோட்டார் சைக்கிளைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் முற்பகுதியும், நாட்டுப்புற வெளியோட்டத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் ஒரு பகுதியும் இணைந்து பிற்காலத்தில் 'மோட்டோகுறொஸ்' என்னும் பெயர் பிறந்தது. நம் நாட்டிலே தியத்தலாவையின் பொக்ஸ் ஹில் களம் மண்பாதைப் போட்டிகளுக்குப் பெயர்பெற்றது. 2024 ஏப்ரல் 21ஆம் திகதி அங்கு நடந்த போட்டியிலே மோட்டார் காரொன்று பாதையை விட்டு விலகிப் பாய்ந்தமையால் 7 பேர் உயிரிழந்தனர். களிப்புக்குரிய இடமே கணப்பொழுதிற் கண்ணீருக்குரிய இடமாதல் கூடும் என்பதை நாம் மறத்தற்கில்லை. ஆதலின், இவ்விளையாட்டிற்குரிய ஆடையைப் பற்றிப் பேசுவது வீண்பேச்சு ஆகாது.

இதற்கென அணியும் மேற்சட்டையை 'ஜேர்சி' என்பர். ஆங்கிலக் கால்வாயிலுள்ள ஜேர்சித் தீவிலே கம்பளி நூலாற் பின்னப்பட்ட துணியிலிருந்தே இப்பெயர் வந்தது. இன்று கடையிலே தொங்குவதோ பெரும்பாலும் பொலியெஸ்டர் பின்னல். "பொலியெஸ்டரா? வெயிலில் உடம்பு வெந்துபோகுமே! பருத்தியல்லவா நம் நாட்டிற்கு உகந்தது?" என்று தாய்மார் வினவுதல் இயல்பு. பாட்டனார் காலத்து டெரிலின் சட்டையின் புழுக்கம் குடும்ப நினைவிலிருந்து இன்னும் அகலவில்லை. 1941ஆம் ஆண்டு இங்கிலாந்திலே வின்பீல்ட், டிக்சன் என்னும் இருவர் கண்டுபிடித்த அந்த டெரிலினும் இந்த ஜேர்சியும் ஒரே குலத்தவைதாம். அவ்வாறாயின், அன்று புழுங்கியது இன்று குளிர்வதெங்ஙனம்?

மாணவர்கள் இதனைப் பௌதிகப் பாடமாகவே கொள்ளலாம். ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது உடலினின்று ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தைக் கொண்டு செல்கின்றது. வியர்த்தலால் உடல் குளிர்வதில்லை. வியர்வை ஆவியாதலாலேயே குளிர்கின்றது. பருத்தி நீரை விரும்பி உட்கொள்ளும் இயல்புடையது. சாதாரண அறைக் காற்றிலேயே தன் உலர்நிறையில் ஏறக்குறைய 8 வீதம் ஈரத்தை அது தாங்கி நிற்கும், பொலியெஸ்டரோ 0.4 வீதமே தாங்கும். ஆகவே பருத்திச் சட்டை வியர்வையை உறிஞ்சிப் பாரமாகி, உடலோடு ஒட்டி, நெடுநேரம் உலராது கிடக்கும். நுண்ணிய இழைகளாற் பின்னிய ஜேர்சியில், இழைகளினிடையேயுள்ள நுண்வழிகளில் மயிர்த்துளைத் தன்மையால் வியர்வை பரவி வெளிப்புறத்தை அடையும். அங்கு காற்றுப்பட்டு விரைவில் உலரும். பழைய டெரிலின் சட்டையின் நெருக்கமான நெசவிலே காற்றுக்கும் நீருக்கும் இத்தகைய வழி அரிதாயிருந்தது. வேறுபாடு நாரிலன்று, துணியின் அமைப்பிலேயே உளது.

இதனால் இரண்டு விதிகள் பெறப்படும். ஒன்று, துணியை வெளிச்சத்திற்கு நேரே பிடித்துப் பார்த்தல் வேண்டும். அக்குளிலும் விலாவிலும் வலைத்துணி வைத்துத் தைத்திருப்பின் நன்று. மற்றொன்று, உள்ளே பருத்திப் பெனியன் அணியலாகாது. அணியின், ஜேர்சிக்குக் கொடுத்த பணம் முழுவதும் பயனற்றதாகும். மார்பிலே தடித்த பிளாஸ்டிக் படலமாக ஒட்டிய சித்திரமும் காற்றை மறிக்கும். சாயம் இழையோடு கலந்த அச்சே சிறந்தது.

இனி, மிக இன்றியமையாத செய்தியொன்று. ஜேர்சி கவசமன்று. புதர் கீறாமலும் வெயில் சுடாமலும் அது காக்கும். விழுந்தவனின் எலும்பைக் காக்க அதனால் இயலாது. முழங்கையிலே தைத்த மெல்லிய பஞ்சுத் துண்டைக் கண்டு ஏமாறுதல் கூடாது. மோதலைத் தாங்கும் காப்புகளுக்கு ஐரோப்பிய நியமங்கள் உள. கைகால் மூட்டுகளுக்கு ஈ.என். 1621-1, முதுகிற்கு 1621-2, மார்பிற்கு 1621-3 என்பன அவை. முன்னே செல்லும் வண்டியின் பின்சக்கரம் எறியும் கற்களைத் தடுக்கும் கவசத்திற்கு ஈ.என். 14021 என்பது நியமம். இவ்வெண்கள் பொறிக்கப்பட்டுள்ளனவா என்று பார்த்து வாங்குதல் வேண்டும். களத்து ஜேர்சியோடு தார் வீதியிலே விரைந்து செல்லுதல் பெருந்தவறு. தாரில் வழுக்கி விழின் அம்மெல்லிய பின்னல் நொடியிற் கிழியும். உராய்வின் வெப்பத்தால் உருகித் தோலோடு ஒட்டுதலும் உண்டு.

அளவைப் பற்றியும் சிறிது கூறுவேன். கவசத்தை உள்ளே அணிவதாயின், அதனைக் கடைக்குக் கொண்டுசென்று அணிந்துகொண்டு, அதன்மேல் ஜேர்சியைப் போட்டுப் பார்த்தல் வேண்டும்; பெரும்பாலும் ஓரளவு பெரியது தேவைப்படும். கவசத்தை வெளியே அணிவோர்க்கு உடலோடு பொருந்திய சட்டையே போதும். கண்ணாடி முன் நிமிர்ந்து நின்று பார்ப்பதாற் பயனில்லை. வண்டியில் எழுந்து நின்று ஓட்டும் பாவனையில் முழங்கைகளை உயர்த்தி முன்னே சாய்ந்து பார்க்க. அப்போதும் கைநுனி மணிக்கட்டை மூடுதல் வேண்டும். பின்புற விளிம்பு காற்சட்டையினின்று வெளிவருதல் கூடாது. மணிக்கட்டை இறுக்கும் இலாஸ்டிக் வேண்டா. நெடுநேரம் கைபிடியைப் பற்றியிருப்பவனின் கை அதனால் விரைவில் களைத்துப்போகும். கழுத்துக் காப்பு அணிவோர் தடித்த கழுத்துப் பட்டையற்றதைத் தெரிக.

பாடசாலைச் சீருடையை வளர்த்திக்கும் சேர்த்துத் தைப்பிப்பது நம் வீடுகளின் வழக்கம். சிக்கனத்திற்கு அது நன்று. களத்திலோ தொளதொளவென்ற துணி கைபிடியிலும் மரக்கொம்பிலும் மாட்டிப் பிள்ளையை வீழ்த்தக்கூடும். வளரும் பிள்ளைக்கு விலை குறைந்ததாயினும் அளவானதையே வாங்குக. நிறத்திலும் கருத்துண்டு. கரிய நிறம் வெயிலை உறிஞ்சும். மண்ணிறம் மண்ணோடு மறையும். தூசிப் படலத்துள்ளே விழுந்து கிடப்பவனைப் பின்வருபவன் கண்டு விலகுதற்குப் பளிச்சென்ற நிறமே துணை.

இனிப் பணத்தைப் பற்றிய வழக்கு. உலக வீரரின் பெயர் பொறித்த ஜேர்சியையே மகன் விரும்புவான். தந்தையின் கையிலுள்ள ரூபாவோ அளவுக்குட்பட்டது. இருவரும் மனங்கசந்து பேசாதிருக்கும் வீடுகளும் உண்டு. இவ்வழக்கிலே என் தீர்ப்பு இதுவாகும். முதலிலே தலைக்கவசம், அடுத்துக் கணுக்காலையும் காக்கும் உயர்ந்த சப்பாத்து, பின்னர் காப்புக் கண்ணாடி, மார்பு முதுகுக் கவசம், முழங்கால் முழங்கைக் காப்பு, கையுறை. இவையெல்லாம் வாங்கியபின் எஞ்சும் பணத்திலேயே ஜேர்சி. பெயர் பொறியாத எளிய பின்னலும் வியர்வையை அவ்வாறே உலர்த்தும். தம்பிமாரே, தந்தையார் மறுப்பது உங்கள் ஆசையையன்று, அவ்வாசையின் வரிசையையே. பெற்றோரே, வெறுமனே 'வேண்டாம்' என்றால் பிள்ளை இரவற் சட்டையோடும் கவசமின்றியும் களத்திற்கு ஒளித்துப் போவான். அவனோடு கடைக்குச் சென்று இவ்வரிசையைக் காட்டி வாங்கிக் கொடுத்தலே அறிவுடைமை.

வாங்கியதைப் பேணுதலும் வேண்டும். சேற்றை உலரவிட்டுத் தட்டியபின் குளிர்ந்த நீரிலே கழுவுக. துணியை மென்மையாக்கும் திரவங்கள் இழைமேற் படிந்து வியர்வை செல்லும் வழியை அடைக்குமாதலின் அவற்றைத் தவிர்க்க. நிழலில் உலர்த்துக, சூடான இஸ்திரிப்பெட்டி வேண்டா.

களத்திலே முதலாவதாக வருதல் ஒருவனுக்கே கிட்டும். நலமாக வீடு திரும்புதல் அனைவர்க்கும் கிட்டுதல் வேண்டும்.