ஒண்ணாம் தேதி சம்பளம் வந்துட்டா போதுமா?



சின்ன வெப் கம்பெனிகளில் வேலை பார்க்கிறவங்க என்கிட்ட பெருமையா சொல்ற ஒரு விஷயம் இருக்கு: "சார், எங்களோடது இருபது பேர் கம்பெனிதான், ஆனா சம்பளம் ஒண்ணாம் தேதி டான்னு வந்துடும்." சந்தோஷம். நான் திருப்பிக் கேட்கிறது ஒண்ணே ஒண்ணுதான். பிஎஃப் பாஸ்புக்கைக் கடைசியா எப்போ பார்த்தீங்க? பெரும்பாலும் பதில் வராது. சிலருக்கு யுஏஎன் நம்பரே மறந்து போயிருக்கும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிடறேன். "இந்த மாசம் சம்பளம் பத்து நாள் லேட்டாகும்"னு எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வச்சு சொல்ற முதலாளி ஒருத்தர். ஒண்ணாம் தேதி சம்பளத்தைப் போட்டுட்டு, அதுல பிடிச்ச பிஎஃப்பையும் டிடிஎஸ்ஸையும் கட்டாம வச்சிருக்கிற முதலாளி இன்னொருத்தர். ரெண்டு பேர்ல முதல் ஆள்கிட்டதான் நான் வேலைக்குப் போவேன். சம்பளம் லேட்டானா உங்களுக்குத் தெரியும், வேற வேலை தேடலாம், ஈஎம்ஐ தேதியை மாத்திக்கலாம். பிடிச்ச பணம் போய்ச் சேரலைங்கிறது உங்களுக்குத் தெரியவே தெரியாது. தெரிய வர்றப்போ ஒரு வருஷம் ஓடியிருக்கும்.

இது ஏன் நடக்குதுன்னு முதலாளி பக்கத்திலிருந்தும் பார்க்கணும். இந்த மாதிரி கம்பெனிகளோட கணக்கையும் நான் பார்க்கிறேன். அவங்கள்ல பலர் மோசடிப் பேர்வழிகள் கிடையாது. மூணு மாசமா தன் சம்பளத்தை எடுக்காம, நகையை அடகு வச்சு டெவலப்பருக்குச் சம்பளம் போட்டவங்களும் இருக்காங்க. பிரச்சினை மாசத்தோட தேதிகளில்தான் இருக்கு. 1-ஆம் தேதி சம்பளம். 7-ஆம் தேதி டிடிஎஸ். 15-ஆம் தேதி பிஎஃப், இஎஸ்ஐ. மாதாந்திர ரிட்டர்ன் போடறவங்களுக்கு 20-ஆம் தேதி ஜிஎஸ்டி. ஆனா வெப்சைட் செய்து வாங்கின கிளையன்ட் பணம் தர்றது 60 நாள், 90 நாள் கழிச்சு. அதிலயும் ஜிஎஸ்டி ஒரு வேடிக்கை: பணம் கைக்கு வந்ததான்னு அது பார்க்காது. இன்வாய்ஸ் போட்டாச்சுன்னா 18 சதவீதம் கட்டியே ஆகணும். உள்ளூர் கிளையன்ட்டுக்கு அஞ்சு லட்சத்துக்கு பில் போட்டா, ஒரு ரூபாய் வராமலே 90,000 ரூபாய் கையிலிருந்து போகும்.

அப்போ முதலாளி மேசையில நாலு செலவு இருக்கு, பணம் மூணுக்குத்தான் இருக்கு. சம்பளம் போடலைன்னா அன்னைக்கே ஆபீஸ்ல முணுமுணுப்பு. ஜிஎஸ்டி கட்டலைன்னா கிளையன்ட்டுக்கு இன்புட் கிரெடிட் சிக்கலாகி அவங்க அக்கவுன்ட்ஸ்ல இருந்து போன் வரும். பிஎஃப் கட்டலைன்னா? யாரும் கேட்கப் போறதில்ல. அதனால அது தள்ளிப் போகுது. நீங்க கேட்காததுதான் அவருக்குக் கிடைக்கிற அவகாசம்.

எவ்வளவு பணம்னு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. 22 பேர் இருக்கிற கம்பெனி. எல்லாருக்கும் பிஎஃப் 15,000 ரூபாய் வரம்பில் பிடிக்கிறாங்கன்னு வச்சுக்கங்க. உங்க பங்கு 12 சதவீதம், 1,800. கம்பெனி பங்கும் 1,800. பெரும்பாலான ஆஃபர் லெட்டர்களில் கம்பெனி பங்கையும் சிடிசிக்குள்ளதான் காட்டறாங்க, அதனால ரெண்டுமே உங்க பணம்னே வச்சுக்கலாம். ஆளுக்கு 3,600, 22 பேருக்கு 79,200. கூட ஒரு 60,000 டிடிஎஸ். மூணு மாசம் தள்ளிப் போட்டா நாலு லட்சத்துக்கு மேல. இதை நான் கடன்னுதான் சொல்வேன். ஊழியர்களைக் கேட்காம, கையெழுத்து வாங்காம, அவங்ககிட்டேயே வாங்கின கடன்.

சட்டம் இதைச் சும்மா விடறதில்ல. ஊழியர் பங்கைப் பிடிச்சுட்டுக் கட்டாம இருந்தா அது நம்பிக்கை மோசடிக் குற்றம்னு பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 405-வது பிரிவிலேயே விளக்கம் இருந்தது. டிடிஎஸ்ஸைத் தாமதமா கட்டினா மாசத்துக்கு ஒன்றரை சதவீதம் வட்டி. ஊழியர் பங்கு பிஎஃப்பைத் தேதி தாண்டிக் கட்டினா, அப்போதைய சட்டப்படி கம்பெனி அதைச் செலவாகக் கழிக்கவே முடியாதுன்னு 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிடுச்சு. டேக்ஸ் ஆடிட் நடக்கிற கம்பெனின்னா, ஒவ்வொரு மாசப் பிஎஃப்பும் எந்தத் தேதியில் கட்டினாங்கன்னு ஆடிட் அறிக்கையில் நாங்க எழுதியே ஆகணும். ஆக ஆடிட்டருக்குத் தெரியும், டிபார்ட்மென்ட்டுக்குத் தெரியும், முதலாளிக்குத் தெரியும். தெரியாத ஒரே ஆள் நீங்கதான்.

கோயம்புத்தூரில் ஒரு சின்ன வெப் கம்பெனியில் வேலை பார்த்த ஒருத்தர் என்கிட்ட வந்தார். வருஷச் சம்பளம் 13 லட்சம், 2024-25 நிதியாண்டு, புதிய வரி முறை. நிலையான கழிவு 75,000 போக வரி 88,400. மாசம் ஏழாயிரத்துச் சொச்சம்னு பேஸ்லிப்பில் அழகா பிடிச்சிருக்காங்க. 26ஏஎஸ்ஸை எடுத்துப் பார்த்தா முதல் ஆறு மாசம்தான் இருக்கு. மீதி சுமார் 44,000 ரூபாய் காணோம். ஃபார்ம் 16 ஜூன் 15-க்குள்ள தரணும், வரலை. "ப்ரோ, அடுத்த வாரம் க்ளியர் பண்ணிடறேன்"னு வாட்ஸ்அப்பில் மட்டும் பதில் வந்துட்டிருந்தது. பேஸ்லிப்படி முழு டிடிஎஸ்ஸையும் கிளெய்ம் பண்ணி ரிட்டர்ன் போட்டோம். எதிர்பார்த்த மாதிரியே 143(1) இன்டிமேஷனில் பாக்கி கட்டச் சொல்லி டிமாண்ட் வந்தது.

மனுஷன் பயந்துட்டார். கையிலிருந்து கட்டிடலாமான்னு கேட்டார். கட்ட வேண்டாம்னு சொன்னேன். வருமான வரிச் சட்டம் 1961-இன் 205-வது பிரிவு இதுல தெளிவா இருக்கு: உங்க சம்பளத்தில் வரியைப் பிடிச்சாச்சுன்னா, அந்த அளவுக்கு உங்ககிட்ட மறுபடி கேட்கக் கூடாது. இந்த மாதிரி டிமாண்டை ஊழியர்கிட்ட வற்புறுத்தி வசூலிக்கக் கூடாதுன்னு சிபிடிடி 2015-லயும் 2016-லயும் அதிகாரிகளுக்கு எழுதியிருக்கு. ஆனா நடைமுறை வேற. கம்ப்யூட்டர் 26ஏஎஸ்ஸை மட்டும்தான் பார்க்கும். டிமாண்டுக்கு ஒப்புக்கொள்ளலைன்னு பதில் போடணும். பன்னிரண்டு மாசப் பேஸ்லிப், சம்பளம் வந்த பேங்க் ஸ்டேட்மென்ட், ஆஃபர் லெட்டர் எல்லாம் கையில இருக்கணும். இவர்கிட்ட இருந்தது, அதனால தப்பிச்சார். கம்பெனி சில மாசம் கழிச்சு வட்டியோட கட்டி, 24க்யூ ரிட்டர்னைத் திருத்திப் போட்ட பிறகுதான் டிமாண்ட் போச்சு. அதுவரைக்கும் மனுஷனுக்குத் தூக்கமில்லை. ஹெச்ஆர் போர்ட்டலில் மட்டும் பேஸ்லிப் இருக்குன்னு நிம்மதியா இருக்காதீங்க. வேலையை விட்ட அன்னைக்கு உங்க லாகின் போயிடும். மாசா மாசம் உங்க சொந்த மெயிலுக்கு அனுப்பி வச்சுக்கங்க.

"அவர் எங்களை ஃபேமிலி மாதிரி பார்த்துக்கிறார் சார், எப்படிப் போய்க் கேட்கிறது?" இது அடுத்த கேள்வி. கூடவே இஎஸ்ஓபி கனவு. 2021 செப்டம்பரில் ஃப்ரெஷ்வொர்க்ஸ் நாஸ்டாக்கில் லிஸ்ட் ஆனப்போ, 500 ஊழியர்களுக்கு மேல கோடீஸ்வரர் ஆனாங்கன்னு கிரிஷ் மாத்ருபூதம் சொன்னார். நல்ல கதை, உண்மையான கதை. அன்னையிலிருந்து இங்க இருபது பேர் கம்பெனியிலயும் சம்பள உயர்வு கேட்டா ஸ்டாக் ஆப்ஷன் பேப்பர் கொடுக்கிறாங்க. கொடுக்கட்டும். ஆனா பத்து வருஷம் கழிச்சு வர்ற பங்கைப் பற்றிப் பேசறவர், போன மாசம் பிடிச்ச 1,800 ரூபாயைக் கட்டினாரான்னு பார்த்துட்டு அப்புறம் அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போடுங்க.

யாரையும் கேட்காமலே பார்க்கலாம்ங்கிறதுதான் இதுல வசதி. உமங் ஆப்பில் பிஎஃப் பாஸ்புக் இருக்கு, மாசத்துக்கு ஒரு தடவை, 20-ஆம் தேதிக்கு மேல திறந்து பாருங்க. டிடிஎஸ்ஸைப் பொறுத்தவரை கம்பெனி காலாண்டுக்கு ஒரு முறைதான் ரிட்டர்ன் போடும், அதனால ஆகஸ்ட், நவம்பர், பிப்ரவரி, ஜூன் இந்த நாலு மாசத்தில் வருமான வரித் தளத்தில் உங்க டிடிஎஸ் விவரத்தைப் பார்த்தா போதும்.

இன்னும் சேராதவங்களுக்கு நிறைய பேருக்குத் தெரியாத ஒரு வழி இருக்கு. இபிஎஃப்ஓ இணையதளத்தில் எஸ்டாப்ளிஷ்மென்ட் சர்ச்னு ஒரு பக்கம். லாகின் வேண்டாம். கம்பெனி பேரைப் போட்டா, எந்த மாசத்துக்கு, எந்தத் தேதியில், எத்தனை பேருக்கு, எவ்வளவு கட்டினாங்கன்னு வரிசையா வரும். "நாங்க 60 பேர் டீம்"னு இன்டர்வியூவில் சொன்ன கம்பெனி 14 பேருக்குப் பணம் கட்டியிருந்தா, மீதி 46 பேர் யாருன்னு கேட்கலாம். ஜிஎஸ்டி போர்ட்டலிலும் அவங்க ஜிஎஸ்டி நம்பரைப் போட்டா எந்தெந்த மாசம் ரிட்டர்ன் போட்டாங்கன்னு தெரியும். எம்சிஏ தளத்தில் கடைசியா எந்த வருஷ பேலன்ஸ் ஷீட் தாக்கல் பண்ணினாங்கன்னு இலவசமாவே பார்க்கலாம். கல்யாணத்துக்குப் பொண்ணு, மாப்பிள்ளையை விசாரிக்கிற ஊர் நம்மது. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் இருக்கப் போற இடத்தை விசாரிக்க பத்து நிமிஷம் ஒதுக்கலாம்.

அந்த மீதிப் பேர் பெரும்பாலும் 'கன்சல்டன்ட்'. பிஎஃப் கட்டாயமாகிறது 20 பேர் சேர்ந்தா. அதனால 19 பேரை ரோலில் வச்சுட்டு, மத்தவங்களுக்கு தொழில்முறைக் கட்டணம்னு 10 சதவீதம் டிடிஎஸ் பிடிச்சுக் கொடுக்கிறது பழைய வித்தை. கையில வர்ற தொகை கொஞ்சம் கூடும், சிலருக்கு அது பிடிச்சும் இருக்கு. ஆனா பிஎஃப் கிடையாது, அஞ்சு வருஷம் கழிச்சு கிராஜுவிட்டி கிடையாது, சம்பளத்தோட லீவு கிடையாது. ஹோம் லோனுக்குப் போனா பேங்க்கில் சம்பளக்காரர் கணக்கில் சேர்க்க மாட்டாங்க. பத்து டு ஏழு ஆபீஸ், ஒரே முதலாளி, லீவுக்கு அனுமதி கேட்கணும்னா நீங்க எந்த ஊர் கன்சல்டன்ட்? உத்தேச வரி முறை பற்றி கேட்பீங்க, அதுக்குத் தனி வீடியோ வேணும்.

சரி, பார்த்தாச்சு, ரெண்டு மாசம் விடுபட்டிருக்கு. என்ன செய்யணும்? ஒரு மாசம் தள்ளிப் போனதுக்கு நான் பதற மாட்டேன், கிளையன்ட் பணம் மாட்டியிருக்கலாம். ரெண்டாவது மாசமும் இல்லைன்னா வாய்வார்த்தை வேண்டாம், மெயில் போடுங்க. "ஆகஸ்ட், செப்டம்பர் பிஎஃப் என் பாஸ்புக்கில் வரலை, எப்போ கட்டப்படும்னு தெரிவிக்கவும்"னு ரெண்டு வரி. கோபமும் வேண்டாம், குழைவும் வேண்டாம். முடிஞ்சா நாலு பேர் சேர்ந்து அனுப்புங்க. தேதி சொல்லிப் பதில் வந்தா அந்தத் தேதி வரைக்கும் பொறுக்கலாம். மூணாவது மாசமும் தாண்டினா வேலை தேட ஆரம்பிச்சிடணும், இதுல எனக்குச் சந்தேகமே இல்லை. இபிஎஃப்ஐஜிஎம்எஸ் தளத்தில் யுஏஎன் நம்பரோட புகார் கொடுக்கலாம். ரிலீவிங் லெட்டர் மாட்டிக்குமோன்னு பயமிருந்தா அதைக் கையில வாங்கின பிறகு கொடுங்க. வேலையை விட்டுட்டாலும் பாக்கி பாக்கிதான், விலகினவங்க புகாரையும் எடுத்துக்கிறாங்க. பேஸ்லிப்பில் பிஎஃப் பிடிச்சதா இருக்கிற பக்கத்தை இணைக்க மட்டும் மறந்துடாதீங்க.